மரபியல் பட்டத்துக்கு மதிப்பு தருவது யார்? கோலார் தங்க வயல் எழுப்பும் கேள்வி

புது தில்லி: நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2021 மார்ச் மாதத்தில் நிறைவேற்றிய ஒரு சட்டம் அந்நாளில் அதிகம் பேசப்படவில்லை. தேசியத் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் என்பது அதன் பெயர். மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் அல்லாமல், மருத்துவமனைகளையும் ஆய்வகங்களையும் இயக்கிவரும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை அச்சட்டத்தின் அட்டவணை பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. இயன்முறை சிகிச்சையாளர், கண்பார்வை நிபுணர், ஆய்வக நுட்பர் ஆகியோருடன் 'உயிரணு மரபியலாளர்', 'மூலக்கூறு மரபியலாளர்' என்ற இரு பெயர்களும் அதில் இடம்பெற்றன.

மரபியலைப் படித்தவருக்கும் இந்நாட்டில் ஒரு தொழிற்பெயர் உண்டு என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டது இதன் பொருள். ஆனால், இளநிலைப் பட்ட வகுப்பில் மரபியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு அந்தப் பெயர் கிடைக்குமா என்ற கேள்விக்கு, அவர் சேரும் கல்லூரியின் விளக்கக் கையேட்டில் விடை இருப்பதில்லை. வசதியுள்ள குடும்பத்தின் பிள்ளைக்கு இது பெரிய இடரல்ல. ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடிக்கொள்ளலாம். ஒரே ஒரு பட்டத்தை நம்பி வீட்டின் சேமிப்பு முழுவதையும் செலவிடும் குடும்பங்களுக்கு அப்படியல்ல. அத்தகைய குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் ஒன்று கர்நாடகத்தின் கோலார் தங்க வயல்.

சுரங்கத்துக்குப் பின்

1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியதிலிருந்து, அன்றைய வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடிபெயர்ந்தன. அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து விடுபட்டு, கூலியைக் காசாகப் பெறலாம் என்பதே அவர்களை ஈர்த்தது. சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902-லேயே இந்தச் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. சுரங்கம் 1956-ல் அன்றைய மைசூர் அரசின் கைக்கும், 1962-ல் மத்திய அரசின் கைக்கும் மாறியது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28-ம் தேதியுடன் சுரங்கப் பணி நிறுத்தப்பட்டபோது மூவாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலை இழந்தனர்.

அ.தி.மு.க.வும் இந்தியக் குடியரசுக் கட்சியும் வெற்றி பெற்ற சட்டப்பேரவைத் தொகுதி இது என்பதை அரசியல் நோக்கர்கள் அறிவர். ஆனால், மூடிய சுரங்கத்தை மீண்டும் திறக்கும் வாக்குறுதியே ஒவ்வொரு தேர்தலிலும் முன்னுக்கு வருகிறது. அடுத்த தலைமுறையின் கல்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரவிக் கிடக்கும் 13 சயனைடு மண் மேடுகளிலிருந்து தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதத்தில் இசைவு தெரிவித்தது. அந்தத் திட்டம் எத்தனை பேருக்கு வேலை தந்தாலும், ஊரின் இளைஞர்கள் பெங்களூரை நம்பித்தான் வாழ்கிறார்கள் என்ற நிலை உடனே மாறிவிடாது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்கள் சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரை அடைகின்றன. வேலைக்குச் செல்வோர் ஏறும் அதே ரயில்களில்தான் கல்லூரி மாணவர்களும் ஏறுகிறார்கள்.

மூன்றில் ஒரு பாடம்

பெங்களூர்க் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. வகுப்பு நெடுங்காலமாக மூன்று முதன்மைப் பாடங்களின் தொகுப்பாகவே நடத்தப்பட்டு வந்துள்ளது. வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்பது பழைய தொகுப்பு. உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெங்களூரில் பெருகிய காலத்தில் மரபியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவை பலவாறு இணைக்கப்பட்டுப் புதிய தொகுப்புகள் பிறந்தன. தமிழகத்தில் இளநிலை வகுப்பில் மரபியல் பெரும்பாலும் விலங்கியலுக்கோ உயிரித் தொழில்நுட்பத்துக்கோ உட்பட்ட ஒரு தாளாகவே இருக்க, கர்நாடகத்தில் அது பட்டத்தின் பெயரிலேயே இடம்பெறும் தனிப் பாடமானது.

இப்பாடத்தில் மாணவர் கற்பது என்ன? மெண்டலின் பட்டாணிச் செடிகளில் தொடங்கி, குரோமோசோம்களின் அமைப்பு, மரபணுவின் வேலை, பிறழ்வுகள், மனித மரபுநோய்கள், மக்கள்தொகை மரபியல், மரபணுப் பொறியியல் எனப் பாடம் விரிகிறது. செய்முறை வகுப்பில் டிரோசோபிலா என்னும் பழ ஈக்களைக் குப்பிகளில் வளர்த்து, தலைமுறைதோறும் கண்ணின் நிறத்தையும் சிறகின் வடிவத்தையும் எண்ணிக் கணக்கிடுவார்கள். வெங்காய வேர் நுனியை நசுக்கி நுண்ணோக்கியின் கீழ் உயிரணுப் பிரிவைப் பார்ப்பார்கள். எதிர்பார்த்த விகிதத்துக்கும் கிடைத்த விகிதத்துக்கும் உள்ள வேறுபாடு தற்செயலானதா, பொருளுடையதா என்பதைப் புள்ளியியல் கொண்டு சோதிப்பார்கள். எனவே, கணக்குக்குப் பயந்து உயிரியலைத் தேர்ந்தெடுத்த மாணவருக்கு மரபியல் ஏமாற்றம் அளிக்கக்கூடும். எண்ணிக்கையை விரும்புவோருக்கே அது ஏற்றது.

ஊருக்கே தேவைப்படும் பாடம்

அறிவியல் இந்த ஊருக்குப் புதியதல்ல. 1965-ல் பூமியின் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ துகள்களின் தடத்தை, டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பான், பிரிட்டன் பல்கலைக்கழகங்களும் இணைந்த குழு இங்குதான் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கண்டறிந்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் நடந்த ஆய்வும் அதே ஆண்டில் இதே முடிவை எட்டியது. உலக இயற்பியல் வரலாற்றில் ஊரின் பெயர் பதிவாயிற்று. ஆயினும், அந்த ஆழத்தைத் தோண்டியவர்களின் பிள்ளைகளுக்கு அறிவியல் ஒரு தொழிலாகவில்லை.

மரபியல் அவ்வாறு எட்டி நிற்கும் அறிவியல் அல்ல. அது வீட்டுக்குள்ளேயே வரும். இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, நுரையீரல் நோய். பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய் குறித்து இந்தியாவில் நடந்த தொடக்கக்கால ஆய்வுகள் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான் நடந்தன. பாட்டனும் தந்தையும் மகனும் ஒரே விதமாக மூச்சுத் திணறினால், அதைக் குடும்ப நோய் என்று சொல்வது எளிது. ஆனால், அவர்கள் பகிர்ந்துகொண்டது மரபணுவை மட்டுமல்ல, ஒரே சுரங்கத்தின் தூசியையும்தான். குடும்பத்தில் தொடர்வதெல்லாம் மரபுவழி வருவதல்ல என்பது மரபியல் வகுப்பின் முதல் பாடங்களுள் ஒன்று. அந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கல்வியும் அல்ல. நோய்க்குக் காரணம் பிறப்பு என்றால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. பணியிடம் என்றால் இழப்பீடு கேட்க உரிமை உண்டு.

இரண்டாவது, உறவுமுறைத் திருமணம். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் எனச் சொந்தத்துக்குள் மணம் முடிப்பது தென்னிந்தியாவின் நெடிய வழக்கம். பெங்களூரிலும் மைசூரிலும் 1980 முதல் 1989 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தம்பதியரிடம் திரட்டப்பட்ட விவரங்களில், ஏறத்தாழ மூன்றில் ஒரு திருமணம் இரத்த உறவுக்குள் நடந்ததாகத் தெரியவந்தது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்விலும் தமிழகம், கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களிலும் இந்த விகிதம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது. பெற்றோர் இருவரும் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே குறைபாட்டு மரபணுவைப் பெற்றிருக்கும் வாய்ப்பு இத்தகைய மணங்களில் கூடுகிறது. அச்சுறுத்தாமலும் மூடிமறைக்காமலும் இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். வெளியூர் மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைவிட, உறவுமுறைகளின் பெயரும் பொருளும் அறிந்த ஊர்ப்பெண் சொன்னால் குடும்பம் காது கொடுக்கும்.

பட்டத்துக்கு அப்பால்

மூன்றாண்டுப் பட்டம் பெற்றவுடன் மரபியலாளர் ஆகிவிடலாம் என்று எண்ணுவது தவறு. மரபியல் ஆலோசகர் பணிக்கும், நோயறி ஆய்வகங்களில் அறிக்கைக்குப் பொறுப்பேற்கும் பணிக்கும் முதுநிலைப் படிப்பும் பயிற்சியும் தேவைப்படுகின்றன. ஆராய்ச்சியாளர் ஆக விரும்புவோருக்கு முதுநிலைப் பட்டம், அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் எனப் பாதை நீள்கிறது. தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேர்வு பெறுவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை நிர்ணயிக்கப்பட்டது. ஆனால், அந்த இடத்தை எட்டுவதற்கு முன் குறைந்தது ஐந்தாண்டுகள் குடும்பம் தாங்கியாக வேண்டும்.

தாங்கியவர்கள் சாதித்ததும் உண்டு. இதயத் தசையைப் பலவீனப்படுத்தும் ஒரு மரபணுக் குறைபாடு இந்திய மக்களில் நூற்றுக்கு நால்வரிடம் இருப்பதை 2009-ல் உலகுக்கு அறிவித்த ஆய்வில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் முன்னணியில் இருந்தனர். தங்கராஜ் பங்கேற்ற மற்றோர் ஆய்வு 2017-ல் வெளியானது. தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்ததில், 81 குழுக்களில், தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணந்துவந்ததன் மரபியல் தடம், மரபுநோய் ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட ஆழமாகப் பதிந்திருப்பதாக அது காட்டியது. அகமண முறை சமூகத்தை மட்டுமன்றி உடலையும் பாதிக்கிறது என்பதற்கு இது சான்று. சாதியால் ஒடுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இத்துறைக்குள் வர வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

3,600 மணி நேரக் கணக்கு

இனி, தொடக்கத்தில் சொன்ன சட்டத்துக்கு வருவோம். 'சுகாதாரத் தொழிலர்' என்று ஒருவர் பதிவு பெற வேண்டுமானால், அவர் பெற்ற பட்டப்படிப்பு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில், 3,600 மணி நேரத்துக்குக் குறையாமல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் வரையறை. துணைநிலைத் தொழிலருக்கு இது 2,000 மணி நேரம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்குப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 'கிரெடிட்' தேவை. ஒரு கிரெடிட் என்பது பாட விரிவுரையில் 15 மணி நேரம். செய்முறை வகுப்பில் 30 மணி நேரம். எல்லாமே விரிவுரை என்றால் மூன்றாண்டுகளில் 1,800 மணி நேரம்தான் வரும். விரிவுரையும் செய்முறையும் கலந்த எந்த அறிவியல் பட்டமும் இக்கணக்கில் 3,600-ஐ எட்ட இயலாது. ஆனால், 2023-ல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு, மாணவர் தாமாகப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் எனக் கொள்கிறது. அந்தக் கணக்கில் 120 கிரெடிட் என்பது மிகச் சரியாக 3,600 மணி நேரம் ஆகிறது. ஒரே பட்டம், ஒரு கணக்கில் தகுதி பெறுகிறது. மறு கணக்கில் தகுதி இழக்கிறது. மரபியல் மூன்று பாடங்களுள் ஒன்றாக மட்டும் இருக்கும்போது, எஞ்சிய இரு பாடங்களின் நேரமும் சேருமா என்பது அடுத்த சிக்கல்.

எந்தக் கணக்கு செல்லும் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு இச்சட்டத்தின்படி அமையும் தேசிய ஆணையத்துக்கும் மாநில மன்றங்களுக்கும் உண்டு. அந்த அமைப்புகளை உருவாக்குவதிலேயே தாமதம் ஏற்பட்டது. சட்டத்தை நடைமுறைப்படுத்த மத்திய, மாநில அரசுகளுக்கு இரண்டு மாத அவகாசம் விதித்து உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் உத்தரவிட நேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

வந்து போன மசோதா

மரபியல் தொடர்பான மற்றொரு சட்ட முயற்சியின் கதையும் அறியத்தக்கது. டி.என்.ஏ. தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019 ஜூலையில் மக்களவையில் அறிமுகமாயிற்று. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழு 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. டி.என்.ஏ. தரவு வங்கிகள் சாதி, சமய அடிப்படையில் மக்களைக் குறிவைக்கப் பயன்படக்கூடும் என்ற அச்சம் அப்போது எழுந்தது. 2023 ஜூலையில் மத்திய அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டி.என்.ஏ. ஆய்வகங்களின் தரத்தையும் பணியாளர் தகுதியையும் நெறிப்படுத்தியிருக்கக்கூடிய ஏற்பாடும் அதனுடன் சென்றுவிட்டது.

எனினும், ஆள் தேவை குறையவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் குற்றம் நடந்த இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது. இதைச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. அரிவாள் உயிரணுச் சோகையை 2047-க்குள் ஒழிக்கும் இயக்கத்தின்கீழ் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கு 2023-24 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. பத்தாயிரம் இந்தியர்களின் முழு மரபுத்தொகுதியைப் படித்தறிந்த ஜீனோம் இந்தியா திட்டத்தை ஒருங்கிணைத்தது பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம். 2021-ல் வெளியான அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, பெங்களூரின் மனித மரபியல் மையத்தை இந்திரா காந்தி மருத்துவமனையுடன் இணைத்து உயர்சிறப்பு மையங்களுள் ஒன்றாக அறிவித்தது. இவை பலவும் கோலார் தங்க வயல் ரயில் சென்று நிற்கும் நகரில்தான் உள்ளன.

மாறும் விதிகள், மாறாத செலவு

மாநிலக் கொள்கையின் ஊசலாட்டம் மாணவரை மேலும் குழப்புகிறது. புதிய கல்விக் கொள்கையின்படி நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்தைக் கர்நாடகம் 2021-22-ல் நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கியது. ஆட்சி மாறியபின், சுகதேவ் தோரட் தலைமையிலான ஆணையத்தின் இடைக்காலப் பரிந்துரையை ஏற்று, 2024-25 முதல் மூன்றாண்டுப் பட்டத்துக்கே மாநிலம் திரும்பியது. ஏழைக் குடும்பத்துக்கு நான்காம் ஆண்டு கூடுதல் சுமை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதேவேளையில், நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் நேரடியாக முனைவர் பட்டத்துக்குச் செல்லலாம் என்று யு.ஜி.சி. 2022-ல் வகுத்த விதி, மூன்றாண்டுப் பட்டதாரிக்குப் பொருந்தாது. அவர் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை முடித்தாக வேண்டும். ஓராண்டு மிச்சம் என்று தோன்றுவது பின்னர் ஓராண்டுக் கூடுதலாக முடிகிறது.

கட்டணச் சுமையைக் குறைக்க வழி இருக்கிறது. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு என 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்கள் இதற்கு உரியவர்கள். ஆனால், மாலை ஐந்து மணிக்குச் செய்முறை வகுப்பு முடித்து, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ரயிலில் நின்று வீடு திரும்பும் மாணவிக்கு உதவித்தொகையைவிட முக்கியமானது பெங்களூரில் ஒரு விடுதி இடம். தமிழகக் கல்லூரிகளை நாடலாம் என்றாலோ, ஒரு மாநிலத்தின் தாழ்த்தப்பட்டோர் சான்றிதழைக் கொண்டு மற்றொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டைப் பெற இயலாது. தமிழ் பேசியும் தமிழகத்தின் சலுகைக்கு உரியவராகாத நிலை இது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இந்தத் தடை இல்லை என்பதை அம்மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

செய்ய வேண்டியது

கல்லூரியில் சேருமுன் பெற்றோரும் மாணவரும் நான்கு கேள்விகளையாவது கேட்டறிய வேண்டும். மரபியலுடன் இணைந்த மற்ற இரு பாடங்கள் எவை? அத்தொகுப்பை முடித்தவர் எந்தெந்த முதுநிலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க முடியும்? பள்ளி ஆசிரியர் பணிக்கு வழக்கமாகக் கேட்கப்படும் வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றில் ஏதேனும் இத்தொகுப்பில் உண்டா? செய்முறைக் கூடத்தில் மாணவர் தம் கையால் எத்தனை சோதனைகள் செய்கிறார்? இவற்றுக்குத் தெளிவான விடை தராத கல்லூரியில் பட்டத்தின் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் பயனில்லை.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவுள்ள காரியமல்ல. மரபியலை ஒரு பாடமாகக் கொண்ட மூன்றாண்டுப் பட்டம் 2021 சட்டத்தின் எந்தப் பிரிவில் அடங்கும், குறைவாயின் எத்தனை மணி நேர இணைப்புப் பயிற்சியால் அதை நிறைவு செய்யலாம் என்பதை மத்திய சுகாதார அமைச்சகம் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். அந்தப் பயிற்சியை அரசு மருத்துவமனைகளின் ஆய்வகங்களில் உதவித்தொகையுடன் அளிக்க வேண்டும். கோலார் உள்ளிட்ட பகுதிகளுக்கென ஏற்படுத்தப்பட்ட பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகம், தன் எல்லைக்குட்பட்ட சுரங்க நகரின் மாணவர்களுக்கு நல்ல ஆய்வகத்தை அருகிலேயே அமைத்துத் தருவதற்கு முன்னுரிமை அளிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, 'மூலக்கூறு மரபியலாளர் என்று பதிவு பெற எந்தப் பட்டம் போதுமானது?' என்று கேட்டால், அமைச்சர் அவையில் பதில் கூறியாக வேண்டும். கோலார் தொகுதியின் உறுப்பினர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களில் யாரும் கேட்கலாம். சுரங்கம் மூடப்பட்டபோது அவ்வூர் மக்களுக்காகக் குரல் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் கட்சிகள், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்காக இந்த ஒரு வினாவையாவது எழுப்பலாம்.